மாதாவுக்கு இடம் கிடைத்தது

அன்புள்ள அத்தை,

பழைய குருத்தோலைகளை இன்று மாலைக்குள் கோவிலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலைப் பூசைக்குப் போனபோது வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, 'ஓலை' என்று கோணலாக எழுதி ஒட்டியிருந்தார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் அப்படி எழுதியிருந்தால் விரல் முட்டியில் அளவுகோல் விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து, மாதா சுரூபம் இருக்கும் கண்ணாடிக் கூட்டின் பின்னால் செருகியிருந்த ஓலைச் சிலுவையை இழுத்தேன். நுனி முறிந்து உள்ளங்கையில் தூளாக ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் காய்ந்த ஓலைக்கு ஒரு மணம் உண்டு. வைக்கோலும் மெழுகும் தூசியும் கலந்த மணம். அதை முகர்ந்ததும் உங்கள் பின்கட்டு அறைக்குள் போய் நின்றுவிட்டேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? இருந்த காலத்திலேயே உங்களுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினாலும் பாதியில் நிறுத்தி, "செரி, விசயத்துக்கு வா" என்பீர்கள். விஷயத்துக்கே வருகிறேன். நாளை சாம்பல் புதன். உங்கள் காலத்தில் விபூதிப் புதன். நீங்கள் வைத்திருந்த அந்த ஓலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அப்பாவின் அக்கா. அப்பாவைப் பெற்றவள் அந்தப் பிரசவத்திலேயே போய்விட்டாள். பாவாடை வயதில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ராயபுரம் தெருக்களில் அலைந்தவர் நீங்கள்தான். மாமா ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். அவர் யாரிடமோ சொல்லித்தான் அப்பாவுக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாமா இறந்த பிறகு கல்மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வாடகை வீட்டின் பின்கட்டு அறைக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தீர்கள். அடுப்படி உங்கள் கைக்குப் போனது. அம்மாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. நீங்கள் வைக்கும் வஞ்சிரக் குழம்பின் முன்னால் எந்த மருமகளுக்கும் வருத்தம் நிற்காது.

அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர். பங்கில் சபைத் தலைவர். வீட்டில் யாரும் 'கீது' என்று சொல்லக்கூடாது. சொன்னால் திரும்பச் சொல்ல வைப்பார். உங்களிடம் மட்டும் அந்தத் திருத்தம் செல்லவில்லை. ஒருமுறை முயன்று பார்த்தார். "நீ இஸ்கோலு போனதே நான் துட்டு கட்டித்தான்டா, எனக்கே பாடம் சொல்றியா" என்றீர்கள். அதோடு விட்டுவிட்டார். ஆனால் ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பின்கட்டிலேயே இருக்கச் சொல்வதற்கு ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிப்பார். நீங்களும் அதை நம்புகிறவர் போல வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள்.

ஆனால் சாயங்காலம் கோவில் மணி அடித்துவிட்டால் அந்த வீட்டில் கோட்டும் கிடையாது, பின்கட்டும் கிடையாது. எல்லோரும் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நிற்போம். அந்தச் சுரூபம் எங்கள் வீட்டுப் பெருமை. பிரஞ்சுக் கப்பல் ஒன்றில் வந்தது, மாமா வாங்கிக் கொடுத்தது, தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிக் கூட்டுக்குள் நீல அங்கியோடு நிற்கும். செபமாலையும் பிரார்த்தனையும் முடிந்ததும் வயதில் சிறியவர்கள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்ல வேண்டும். நான் அப்பாவுக்குச் சொல்வேன், அம்மாவுக்குச் சொல்வேன். அப்பா உங்கள் முன்னால் தலை குனிந்து, "தோத்திரம்க்கா" என்பார். நீங்கள் கட்டை விரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டு, "ஆசீர்வாதம்" என்பீர்கள். சில நாள் அந்த விரலில் வெங்காய வாடை இருக்கும், சில நாள் சுண்ணாம்பு. நாள் முழுவதும் கட்டளை இடுகிற அப்பா, அந்த ஒரு கணம் யாருக்கோ தம்பியாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நாற்பத்திரண்டில், இப்போது ஈஸ்டர் என்கிறார்களே, அந்தப் பாஸ்குத் திருவிழா முடிந்த கையோடு பட்டணம் காலியாகத் தொடங்கியது. ஜப்பான்காரன் ஹார்பரில் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு. ஹார்பருக்கு அடுத்தபடியாக இருப்பது நாம்தானே. எதிர்வீட்டில் கோழிகளை விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் கோழிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைகள் எங்கள் நிலைப்படியில் பச்சையாகவே இருந்தன. அம்மாவின் மாமா வாலாஜாவில் வசதியாக இருந்தார். அங்கே போவதென்று முடிவானது.

ஜட்கா வந்து நின்றது. சென்ட்ரலில் கூட்டம் மிதிக்கிறது, பேசின் பிரிட்ஜில் ஏறினால் பிழைக்கலாம் என்று ஜட்காக்கார பாய் சொன்னார். பின்னால் பெட்டி படுக்கைகளைக் கட்டினார்கள். அம்மா ஏறினாள். நான் ஏறினேன். அப்பா உள்ளே போய் மாதாவின் கூட்டை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து, எங்களுக்கு எதிரில் மெத்தையை விரித்து, நிமிர்த்தி உட்கார்த்தி, ஆடாமல் இருக்கத் தலையணைகள் வைத்தார். மாதாவைத் தரையில் வைக்கலாகாது, கால்மாட்டில் வைக்கலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

நீங்கள் வாசலில் மூட்டையோடு நின்றீர்கள். வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தீர்கள். அப்பா உங்கள் முகத்தைப் பார்க்காமல், வண்டியில் இடம் இல்லை, சனிக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார். ஜட்காக்கார பாய் திரும்பிப் பார்த்து, "அம்மாவும் ஏறட்டும் சார். இன்னா பெரிய வெயிட்டு, குதிர இஸ்துகினு பூடும்" என்றார். இடம் இல்லை, ஓட்டுங்கள் என்று அப்பா மறுபடியும் சொன்னார். நீங்கள் வண்டியருகே வந்தீர்கள். என் நெற்றியில் சிலுவை போட்டு, நன்றாகச் சாப்பிடச் சொன்னீர்கள். வண்டி திரும்பும்போது பார்த்தேன். மூட்டையைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தீர்கள்.

சனிக்கிழமை வந்தது. வாலாஜாவில் நாங்கள் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பட்டணத்துக்குப் போகிற ரயிலில் நெருக்கடி என்றார் அப்பா. அடுத்த சனிக்கிழமை வயிறு சரியில்லை என்றார். அதற்குப் பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அம்மா கேட்டபோது, அக்காவுக்கு அந்தத் தெருவே துணை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மழைக்காலத்துக்கு முன்னால் ஆபீஸ் கூப்பிட்டதும்தான் திரும்பினோம்.

கதவைத் திறந்தது நீங்கள்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, பங்குச் சாமியார் எல்லோருக்கும் முன்பாக அப்பாவிடம் விசாரித்தார். உங்கள் அக்கா தேறிவிட்டார்களா, கோடையில் நான்தான் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தேன், பிழைப்பார்கள் என்று நினைக்கவில்லை என்றார். சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது அது. காலியான தெருவில், விஷக் காய்ச்சலில், பின்கட்டில் தனியாகக் கிடந்து நீங்கள் அதை வாங்கியிருக்கிறீர்கள். குப்பத்திலிருந்து மீன்கார மங்கம்மா வந்து கஞ்சி ஊற்றியிருக்கிறாள், முடியை வெட்டியிருக்கிறாள். அப்பாவின் முகம் அன்றைக்குப் போன போக்கை நான் மறக்கவில்லை. சற்று முன் நன்மை வாங்கிய, நற்கருணை அப்பம் பட்ட நாக்கு அவருடையது. என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் நீங்கள் சண்டை போடவில்லை. குழம்பு வைத்தீர்கள். பரிமாறினீர்கள். வாசலில் குழாய்த் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்டால், "மாதாவுக்கு எடம் கெடச்சுது, எனக்குத்தான் கெடக்கல" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். செபமாலைக்கும் வந்து முழங்காலில் நிற்பீர்கள். ஆனால் பிரார்த்தனை கடைசி வரிகளுக்கு வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். பால் பொங்குகிறது, பூனை வந்துவிட்டது, ஏதாவது ஒன்று. அப்பா எழுந்து திரும்பும்போது தோத்திரம் சொல்ல எதிரில் ஆள் இருக்காது. முதலில் சில நாள் அடுப்படி வாசல் வரை போய் நின்று பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

அடுத்து வந்தது விபூதிப் புதன். அதற்கு முன்பு சபைத் தலைவர் வீடு வீடாகப் போய்ப் பழைய ஓலைகளை வாங்கி வர வேண்டும். கோவிலில் எரித்து, சலித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். அப்பா கோணிப் பையோடு தெருத் தெருவாகப் போனார். எல்லோரும் கொடுத்தார்கள். கடைசியில் நம் வீட்டுக்கு வந்து, நிலைப்படி ஓலையை எடுத்துக்கொண்டு, பின்கட்டுக்கு வந்தார். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த உங்கள் ஓலையைக் கேட்டார்.

நீங்கள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். தலை நிமிராமல் சொன்னீர்கள்: "அது எங்கூட இருந்துச்சு. நீங்க யாரும் இல்லாதப்ப அது ஒண்ணுதான் இருந்துச்சு. அத்த குடுக்க மாட்டேன்."

ஊர் ஓலையெல்லாம் பையில் இருக்க, தன் வீட்டு ஓலை இல்லாமல் அப்பா கோவிலுக்குப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் புது ஓலை வரும், அடுத்த வருடம் போகும். அந்த ஓலை மட்டும் அங்கேயே இருந்தது. ரயில் யார்டிலிருந்து வரும் கரிப்புகை படிந்து கறுத்துக்கொண்டே வந்தது. அப்பாவும் ஒவ்வொரு வருடமும் பின்கட்டு வாசல் வரை வந்து, பையைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். கேட்க மாட்டார். நீங்களும் பார்க்க மாட்டீர்கள்.

அந்த வருடங்களில் அப்பா எங்களிடம் மிகவும் கடுமையாகிப் போனார். செபத்தில் கொட்டாவி விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சினிமா கூடாது. பக்கத்து வீட்டில் யார் பாஸ்குவுக்கு நன்மை வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவரே நம் கோவிலில் நன்மை வாங்க எழுந்து போகாததை எங்கள் பெஞ்சில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடத்துப் பள்ளியில் படிக்கிற பெண்ணுக்கு அது எத்தனை தலைகுனிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, யாருக்கும் தன்னைத் தெரியாத ஜார்ஜ் டவுன் கோவிலுக்குப் போய்ப் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவார். நம் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்ன உடைந்தா கிடந்தது?

சுதந்திரம் வந்த பிறகு அப்பாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலை கிடைத்தது. அங்கேயே வீடும் கொடுத்தார்கள். குழாய், தோட்டம், இரண்டு அறை கூடுதல். பொங்கல் முடிந்ததும் போவதாக ஏற்பாடு. அப்போதுதான் நீங்கள் வரவில்லை என்று சொன்னீர்கள். மங்கம்மா வீட்டில் ஒரு மூலை போதும், கருவாடு வாங்கி விற்றுப் பிழைத்துக்கொள்வேன் என்றீர்கள். அம்மா அழுதாள். நான் கோபித்துக்கொண்டேன். அந்த வருடத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு அப்பா அந்த வாரமே ஜார்ஜ் டவுனுக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அங்கே சாமியார் என்ன சொன்னார் என்று பல வருடம் கழித்து அப்பாவே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 'இதையே நீர் வருடா வருடம் என்னிடம் சொல்கிறீர். கேட்க வேண்டியவள் உம் வீட்டில் இருக்கிறாள்.' இவ்வளவுதான்.

வீடு மாறும் நாள். சாமான்களை லாரி முன்னமே கொண்டுபோய்விட்டது. நாங்கள் போவதற்கு ஜட்கா வந்தது. ஓட்டி வந்தவர் அதே பாய். தாடி வெளுத்திருந்தது, குதிரை மட்டும் புதியது. அப்பா மாதாவின் கூட்டைத் தூக்கி வந்து, பழைய மாதிரியே எதிர் மெத்தையில் நிமிர்த்தி வைத்துத் தலையணை அண்டக் கொடுத்தார். பாய் அதைப் பார்த்து, "இன்னா சார், மாதா இன்னும் டிக்கெட்டு வாங்காமத்தான் வர்றாங்களா" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தீர்கள். தெருவே வெளியில் நின்றது. நான் இறங்கி வந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போ கண்ணு. மாதா ஏறியாச்சு இல்ல, வண்டி ரொம்பிட்ச்சு" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த முறை வண்டி போய்விட்டால் மறுபடியும் திரும்பி வந்து கதவைத் தட்ட அங்கே நமக்கு வீடு இருக்காது.

அப்பா வண்டிப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். அந்தக் காலோடு எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. பிறகு காலை எடுத்தார். தலையணைகளை நீக்கி, மாதாவின் கூட்டை மெல்லத் தூக்கி, நடுத்தெருவில், தரையில் வைத்தார். மாதாவைத் தரையில் வைத்ததைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டும் வேட்டியுமாக அப்பா வந்து உங்கள் முன்னால் முழங்காலில் நின்றார்.

"அக்கா. அன்னிக்கி வண்டில எடம் இருந்துச்சு."

நீங்கள் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"எடம் இல்லன்னு நான் சொன்னது பொய்யி. வாலாஜால அவுங்க வூட்டுக்கு உன்ன இட்டுகினு போவ வெக்கமா இருந்துச்சு. நீ பேசறது, வெத்தல போடறது, எல்லாம். சனிக்கெயம வர்றேன்னேன் பாரு, அதுவும் பொய்யி. சொல்றப்பவே தெரியும்."

அப்பாவின் வாயில் அந்தப் பேச்சை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நீங்கள் வளர்த்த சிறுவன் பேசிய பேச்சு அது.

"எனக்கும் தெர்யும்டா" என்றீர்கள். "சனிக்கெயம சனிக்கெயம வாசல்ல வந்து குந்திகினு இருந்தேன். தெரிஞ்சேதான் குந்திகினு இருந்தேன்."

அப்பா அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நீங்கள் அக்கம்பக்கம் பார்த்தீர்கள். "எய்ந்திரு. ஜனம் பாக்குது" என்றீர்கள்.

"பாக்கட்டும்க்கா."

அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். கதவைச் சாத்திவிடுவீர்களோ என்று நினைத்தேன். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. உடனே வெளியே வந்தீர்கள். ஒரு கையில் மூட்டை, இன்னொரு கையில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் பின்னால் கறுத்த ஓலை. அத்தை, இதை நான் உங்களிடம் கடைசி வரை கேட்கவில்லை. அந்த மூட்டையைக் கட்டுவதற்கு நீங்கள் உள்ளே இருந்த நேரம் போதாது. அது முன்பே கட்டித் தயாராக இருந்தது.

வண்டியில் ஏறி, மாதா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள். தெருவில் இன்னும் முழங்காலிலேயே இருந்த தம்பியைப் பார்த்து, "மாதாவ இன்னாத்துக்கு வெயில்ல வெச்சிகினு கீறே? இப்டி மடில குடு" என்றீர்கள்.

அப்பா தூக்கிக் கொடுத்தார். நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான். அம்மா, நான், நீங்கள், உங்கள் மடியில் மாதா, ஓரத்தில் அப்பா. தாராளமாக இருந்தது. அப்பா அந்த மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பாய் கடிவாளத்தைச் சுண்டிக்கொண்டு, நான் அன்னிக்கே சொன்னேனே என்பதுபோலக் குதிரையிடம் ஏதோ முணுமுணுத்தார். கடலோரச் சாலை முழுவதும் கண்ணாடி கிடுகிடுத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீங்கள் கூட்டை அணைத்துக்கொண்டு, "புட்ச்சிக்க தாயே" என்று மாதாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். தண்டையார்பேட்டை தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது.

அன்று சாயங்காலம் சுண்ணாம்பு வாடை போகாத புது வீட்டில் முதல் செபமாலை. பிரார்த்தனை கடைசி வரிகளுக்கு வந்தது. நான் செபத்தை விட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் இருந்தது. நீங்கள் எழுந்து போகவில்லை. அப்பா திரும்பி, உங்கள் முன்னால் வந்து, தலை குனிந்தார். "தோத்திரம்க்கா." நீங்கள் கட்டை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். நேற்றும் போட்டதுபோல, நடுவில் எதுவுமே நடக்காததுபோல, "ஆசீர்வாதம்" என்றீர்கள். பிறகு அம்மாவிடம் திரும்பி, மத்தியான ரசத்தில் உப்பு கம்மி என்றீர்கள். பால் பொங்கி வழிந்தது.

சில வாரங்களில் விபூதிப் புதன். முந்தின நாள் நீங்கள் அந்த ஓலையை எடுத்து அப்பாவிடம் நீட்டினீர்கள். "இந்தா. இத்தயும் எரிச்சிடு" என்றீர்கள். ஆசீர்வதித்த கோவிலில்தான் எரிக்க வேண்டும் என்று பிடிவாதம் வேறு. அப்பா அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறினார். இப்போது அங்கே அவர் சபைத் தலைவரில்லை. பையைப் பிடித்து நின்ற புதுத் தலைவரிடம் கொடுக்காமல், தன் கையாலேயே நெருப்பில் போட்டுவிட்டு வந்தாராம். அடுத்த நாள் எல்லோரும் ராயபுரத்துக்கே பூசைக்குப் போனோம். பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் முழங்காலிட்டு நிற்கும்போது, நாம் மண் என்பதைச் சாமியார் லத்தீனில் சொல்லிக்கொண்டே வரிசையாகப் பூசிக்கொண்டு வந்தார். உங்களுக்கு. அடுத்து அப்பாவுக்கு. எத்தனையோ தெருக்களின் ஓலை அதில் கலந்திருந்தது. என் கண்ணுக்கு அந்த ஒன்றுதான் தெரிந்தது. நன்மை நேரத்தில் அப்பா எங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து போனார். சாம்பல் நெற்றியோடு, நம் கோவிலில், எல்லோரும் பார்க்க.

நீங்கள் அதற்குப் பிறகு புனிதவதியாகிவிடவில்லை. பஸ்ஸில் ஏறினாலும் ரிக்‌ஷாவில் ஏறினாலும், "இன்னாடா, மாதாவுக்கு எடம் கெடச்சுதா" என்று அப்பாவைக் குத்தாமல் இருந்ததில்லை. அப்பா தலையைத் தாழ்த்திக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்த பிறகு வீட்டில் செபம் சுருங்கியது. கொட்டாவிக்குத் தண்டனை போயிற்று. என்னை ஒருமுறை சினிமாவுக்கும் கூட்டிப்போனார், பாதியில் தூங்கிவிட்டார்.

ஓலையை நீங்கள் நீட்டிய அந்த மாலையிலேயே அப்பா புதிதாக ஒன்று தொடங்கினார். மற்ற வீடுகளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதற்கு முன் பிள்ளைகள் பெற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள். எங்கள் வீட்டில், விபூதிப் புதனுக்கு முந்தின மாலை செபமாலை முடிந்ததும், மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும். அப்பா அதைச் சொன்னதும், "அப்டின்னா நான்தான்டா பெரியவ" என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள். முழங்காலை ஊன்றி, அத்தனை வருடம் தம்பிக்கு ஆசீர்வாதம் கொடுக்காமல் இருந்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். பிறகு அப்பா உங்களிடம், அம்மாவிடம், கடைசியில் என்னிடம். பெரியவர்கள் நம் முன்னால் தலை குனிந்து நின்றால் கண்களை எங்கே வைத்துக்கொள்வது என்று எந்தக் கன்னியாஸ்திரியும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

அந்த வழக்கத்தைக் கல்யாணமாகிப் போன வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் வீட்டார் தெற்கத்தி வியாபாரிகள். வீட்டுத் தலைவன் மன்னிப்புக் கேட்டால் யார் மதிப்பார்கள் என்று அவர் முதலில் முறைத்தார். ஒரு வருடம் கேட்டுப் பார்த்தார். பிறகு அவரே நினைவு வைத்துக்கொண்டு கேட்டார். இப்போது அவரும் இல்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, நீங்கள் இல்லை. மாதா மட்டும் என்னோடு வந்துவிட்டார். அன்றைக்கு நடுத்தெருவில் வைத்தபோது சட்டத்தின் அடியில் விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. தச்சனைக் கூப்பிட்டுச் சரிசெய்கிறேன் என்றான் மகன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் மூத்தவள் நான் என்பதால் முதலில் கேட்க வேண்டியதும் நான்தான். எனக்கு அது எளிதில் வருவதில்லை. யாருடைய பிள்ளை நான் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடம் நான் மன்னிப்புக் கேட்ட விதம், வாத்தியாரம்மா விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

இந்த வருடம் கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. மருமகள் ரீட்டா காசிமேட்டுப் பெண். உங்களைப் போலவே பேசுவாள். போன வாரம் என் பள்ளித் தோழி ஒருத்தி வந்திருந்தபோது, "காப்பி ரெடியா கீது அத்தே" என்றபடி தட்டோடு வந்தாள். 'இருக்கிறது' என்று சொல் என்றேன், தோழியின் முன்னாலேயே. ரீட்டா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும்தான் வருகிறது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், அத்தை. சிறு வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

தோத்திரம் சொல்ல எனக்கு மேலே இந்த வீட்டில் யாரும் இல்லை. என் நெற்றியில் விரல் வைக்க ஆள் இல்லாமல் போய் வெகு காலம் ஆயிற்று. வருடத்தில் ஒரு நாள், சாம்பல் பூசும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இளம் சாமியாரின் விரல் மிருதுவாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு வெங்காயமும் சுண்ணாம்பும் மணக்கிறது.

கோவில் மணி அடிக்கிறது. மாதாவின் முன்னால் விளக்கை ஏற்றிவிட்டார்கள். "அத்தே, வர்றீங்களா, நேரம் ஆவுது" என்று ரீட்டா கூப்பிடுகிறாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். என் முழங்கால்கள் மடங்க மறுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்கலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு மட்டும் கீழேதான்.

எழுந்து போகிறேன். போவதற்கு முன் என் நெற்றியில் ஒரு சிலுவை போடுங்கள்.

தோத்திரம், அத்தை.